அப்பிள் கன்றுக்குக் கல்லுப்பு

போன சனிக்கிழமைக்கு முதல் சனிக்கிழமை. லா சப்பலில் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடையில் நின்று முருங்கைக்காயை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கத்தரிக்காயை நிறுத்தபடியே சொன்னார்:

“அண்ணை, உங்கட மகள் நல்லாக் கார் ஓடுறா.”

“ஆற்றை மகள்?”

“உங்கட மகள்தான். இப்பதான் இஞ்சை வந்திட்டுப் போகினம். பிள்ளை ஓடினவ, உங்கட சகலன் பக்கத்திலை இருந்தவர். பின்பக்க யன்னலாலை ஒரு மரம் வெளியாலை நீட்டிக்கொண்டு நிண்டுது. பின்னாலை பஸ்காரன் ஹோர்ன் அடி அடியெண்டு அடிக்கிறான்... பிள்ளை அசையேல்லையே!”

நான் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்ய முடியும்?

என் மகள் அபிக்கு இருபது வயது. கார் ஓட்டப் பழகுகிறாள் என்று தெரியும். பெர்மி — அதுதான், வாகனம் ஓட்டும் அனுமதி — அவளுக்குக் கிடைத்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. பெற்ற மகள் சோதனையில் பாஸ் பண்ணிய செய்தியைக் கத்தரிக்காய்க் கடையில் கேட்டு அறிந்துகொண்ட தகப்பன் இந்தப் பாரிஸில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதிலும், பக்கத்து சீட்டில் சகலன்!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருத்தான். மேலே ஏறி வந்து, “அப்பா, வாங்கோ, ஒரு சுத்து ஓடிக் காட்டுறன்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை... ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மனது கேட்கிறதா?

வீட்டுக்கு வந்து பையை வைத்தேன். மனைவி பவானி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அபிக்குப் பெர்மி கிடைச்சிட்டுதாம்” என்றேன், போகிற போக்கில் சொல்வதுபோல.

“ஓம். உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும், தெரியும்.”

ரோஷம். தெரியாது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சகலனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று மனைவியிடம் சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கு வாய் வரும்?

சகலனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவா. பவானியின் தங்கை தேவகியின் கணவன். என்னைவிட வயதில் இளையவன்; தலைமுடி முழுவதும் இன்னமும் தலையிலேயே இருக்கிறது. பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் வீடு வாங்கியிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். தோட்டத்தில் ஒரு பேரி மரம், ஒரு பிளம்ஸ் மரம். இலையுதிர்காலம் வந்தால் பேரிக்காய்களைப் பை பையாகக் கட்டிக்கொண்டு லா சப்பலுக்கு வந்து, எனக்குத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவான். பிறகு நான் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், “உங்கட சகலன்ரை பேரிக்காய் என்ன இனிப்பு!” என்ற பாராட்டை நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூடப்பிறந்தவன் வீடு வாங்கினால் பெருமைப்படுகிறோம். சிநேகிதன் வாங்கினால் விருந்துக்குப் போகிறோம். சகலன் வாங்கினால் மட்டும் வயிறு ஏன் இப்படி எரிகிறது? நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் நாங்கள். ஒரே சோதனையை எழுதிய இரண்டு பேர் மாதிரி. விடைத்தாள் திருத்துகிறவர்களும் ஒரே ஆட்கள். எனக்கு எத்தனை மார்க் என்பதைவிட அவனுக்கு எத்தனை மார்க் என்பதுதான் இங்கே பிரச்சினை.

சரி, வீடு இருக்கட்டும். தோட்டமும் இருக்கட்டும். ஆனால் அபி?

ஒவ்வொரு ஞாயிறும் காலையிலேயே கார் து நோர் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஆர்.ஈ.ஆர் ரயில் பிடித்து அங்கே போய்விடுவாள். பொழுதுபட வருவாள். சப்பாத்தெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு. நான் கேட்பேன்: “யூனி எப்பிடிப் போகுது, பிள்ளை?” “சா வா, அப்பா.” அவ்வளவுதான். நன்றாகப் போகிறதாம். கதை முடிந்தது. அங்கே சித்தப்பாவோடு மரம் வாங்கப் போகிறாள், கார் ஓடுகிறாள். எனக்கு ஒரு ‘சா வா’!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அபி வழக்கம்போல முதலே போய்விட்டாள்; பவானியும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். “நானும் வாறன்” என்றேன்.

பவானி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மழை வரும்போல கிடக்கு.”

“வரட்டும்.”

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கடையில் இரண்டு சாமான் வாங்கினேன். ஒரு ஈர்க்கு விளக்குமாறு. ஒரு பாக்கெட் கல்லுப்பு. என்னத்துக்கு என்று பவானி கேட்டாள். “பார்” என்றேன். மரம் நடுவது என்றால் என்ன என்று பியர்ஃபித்துக்குக் காட்டிவிடுவது என்ற முடிவோடு இருந்தேன். ரயிலில் எதிரே இருந்த பெண்மணி விளக்குமாற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போய்ச் சேர்ந்தபோது அபியும் சிவாவும் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது பேரி மரத்தில் தொங்கிய ஒரு பழைய சப்பாத்து.

“இதென்ன, தேவகி?”

“கண்ணூறு படாமல் இருக்க, அத்தான். சும்மா கட்டிவிட்டது” என்றாள் தேவகி. சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தாள். பவானி நிலத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னை மட்டும் பார்க்கவில்லை.

தோட்டம் முழுக்க இலை. பேரி மரத்தடியில் குவியல், பிளம்ஸ் மரத்தடியில் குவியல். வீட்டு வளவு இப்படியா கிடப்பது? விளக்குமாற்றை எடுத்தேன். மரத்தடியில் ஒரு இலை மிச்சமில்லாமல் கூட்டி, பெரிய கறுப்புப் பைகளில் அடைத்து, வாயைக் கட்டினேன். கல்யாண வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அபி வாசலில் நின்றாள்.

“அப்பா! என்ன செய்யிறியள்?”

“குப்பை கூட்டுறன்.”

“அது குப்பையில்லை அப்பா. நானும் சித்தப்பாவும் நேற்றெல்லாம் மினக்கெட்டு அள்ளிப் போட்டது. குளிருக்கு வேருக்குப் போர்வை மாதிரி. உக்கினால் பசளை.”

பின்னாலேயே சிவா வந்தான். “பரவாயில்லை பிள்ளை. அப்பா ஆசையிலை செய்தவர்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்தப் பெருந்தன்மை இருக்கிறதே... அதைத் தாங்கத்தான் தனி உடம்பு வேண்டும்.

பைகளை அவிழ்த்து இலைகளைத் திரும்பக் கொட்டினோம். பிறகு சிவா அந்த மரத்தைக் கொண்டுவந்தான். மரமா அது? ஒரு தடி. இலை இல்லை, துளிர் இல்லை. வேரில் ஒரு பிடி மண்கூட இல்லை. ஈரச் சாக்கில் சுற்றியிருந்தது. அப்பிள் கன்றாம்.

“இது செத்துப்போச்செல்லோ, சிவா?”

“இல்லை அண்ணை, நித்திரை. இலை கொட்டினாப் பிறகு இப்பிடித்தான் கிளப்பி விக்கிறவை. இப்ப நட்டால் குளிருக்குள்ளை வேர் மெல்ல மெல்லப் பிடிச்சிடும். மாசியிலை பங்குனியிலை தானாத் துளிர்க்கும்.”

அபி தலையாட்டினாள். நான் சொன்ன ஒன்றுக்கு அவள் இப்படித் தலையாட்டிக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

மண்வெட்டியை எடுத்தேன். “குழி நான் கிண்டுறன்.”

கிண்டினேன். முழங்கால் ஆழம் வந்தது. “காணும் அண்ணை” என்றான் சிவா. அவன் காணும் என்று சொன்ன பிறகு எப்படி நிறுத்துவது? தொடை ஆழம் வந்தது. “அத்தான், கிணறோ வெட்டுறியள்?” என்றாள் தேவகி. இடுப்பு ஆழம் வந்த பிறகுதான் நின்றேன். இடுப்பே நின்றுவிட்டது என்பதுதான் உண்மை. குழிக்குள் நின்றபடி கையை நீட்டினேன்.

“இப்ப அந்த உப்பை எடு, பவானி.”

பவானி பாக்கெட்டை எடுத்தாள்.

“உப்போ?” என்றான் சிவா.

“ஓம். அடியிலை கல்லுப்புப் போட்டு, கண்டை ஆழத்திலை வைச்சு, சுத்திவரத் தண்ணி நிக்கப் பாத்தி கட்டவேணும். ஊரிலை ஆரையும் கேட்டுப்பார்.”

“அப்பா” என்றாள் அபி. “அது தென்னம்பிள்ளைக்கு. ஸே பா ஆன் கொக்கோத்தியே!”

தென்னை இல்லையாம் இது. தேவகி சிரித்தாள். பவானி சிரித்தாள். சிவா சிரிக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பி நின்று இருமினான். அந்த இருமலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பவானி உப்புப் பாக்கெட்டை மெல்லத் தன் கைப்பைக்குள் வைத்தாள். “கறிக்கு உதவும்” என்றாள்.

“ஆழமா நட்டால்தான் மரம் காத்துக்கு நிக்கும்!” நான் விடவில்லை.

“இல்லை அண்ணை, இது ஒட்டுக் கண்டு. ஒட்டின இடம் மண்ணுக்கு மேலை நிக்கவேணும்” என்றான் சிவா. அபி மறுபடி தலையாட்டினாள். பாருங்கள், மறுபடியும்!

“அப்ப நீங்கள் ரெண்டு பேருமே நடுங்கோ.”

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்லி வைத்தாற்போல மழையும் கொட்டத் தொடங்கியது. நடுகை அன்றைக்கு நின்றுபோயிற்று.

குசினி யன்னலால் பார்த்தேன். மழைக்குள் இரண்டு பேரும் வேலியோரம் குந்தியிருந்து, கன்றின் வேர் காய்ந்துபோகாமல் தற்காலிகமாக மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அபி என்னவோ சொன்னாள். சிவா சிரித்தான். அவளும் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்படிச் சிரித்து எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் சிவாவின் வீடு, தோட்டம், தலைமுடி எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த மழைக்குள் அவன் குந்தியிருந்த இடம்தான் வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் பொறாமை. கொஞ்சம் கௌரவமான வேறு பெயர் இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

வாரம் முழுக்க மழை. நடுவில் ஒரு நாள் சிவா போன் எடுத்தான்.

“அண்ணை, உங்கட குழியிலை தண்ணி நிக்குது.”

“எவ்வளவு?”

“நிரம்பிப் போச்சு. பக்கத்து வீட்டுப் பூனை வந்து குடிச்சிட்டுப் போகுது.”

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, மறுபடி போனேன். பவானி ஒன்றும் கேட்கவில்லை. கைகளில் விளக்குமாறும் இல்லை, உப்பும் இல்லை.

குழியைப் பார்த்தேன். சின்னக் குளம். தென்னைக்கு ஆழக்குழி சரி. அது வெயிலுக்கு, மணலுக்கு, நீர் நிற்கவேண்டும் என்ற தேவைக்கு. இங்கே களிமண். ஐப்பசியிலிருந்து மழை. நான் சொன்னபடி நட்டிருந்தால் அந்தத் தடி குளிர்காலம் முழுக்கத் தண்ணீருக்குள் நின்று அழுகியிருக்கும். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை.

“எல்லாருமாச் சேர்ந்து மூடுவம், அண்ணை” என்றான் சிவா. வாளியால் தண்ணீரை இறைத்தோம். கிண்டிய மண்ணையெல்லாம் திரும்பப் போட்டு மிதித்தோம். கிண்டுவதைவிட மூடுவதுதான் அதிக வேலை, தெரியுமா? பக்கத்தில் கொஞ்சம் மேடான இடத்தில் அபி அளவாக ஒரு குழி எடுத்தாள். சிவா முட்டுக்கொடுக்கத் தடி எடுத்துவரக் கொட்டிலுக்குப் போனான்.

“அப்பா, நீங்கள் பிடியுங்கோ. நேரா நிக்கவேணும்.”

பிடித்தேன். அவள் முழங்காலில் இருந்து வேர்களை நாலாபக்கமும் விரித்து, கையால் மண்ணை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்க மாட்டேன்.

“பெர்மி கிடைச்சதை ஏன் எனக்குச் சொல்லேல்லை, பிள்ளை?”

“சொன்னனான்.”

“எப்ப?”

“கிடைச்ச அண்டைக்கே. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து ‘அப்பா, ஜே மோன் பெர்மி!’ எண்டு கத்தினனான். நீங்கள் எழுதிக்கொண்டிருந்தியள். ‘ம்’ எண்டியள். பிறகு, ‘கதவைச் சாத்திட்டுப் போ பிள்ளை’ எண்டியள்.”

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆனால் பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ‘ம்’ என்னுடையதுதான். அந்தக் கதவும்.

அவள் மண்ணைப் போட்டுக்கொண்டே போனாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை மூச்சு விடேலாது. அப்பா பேப்பருக்குப் பத்தி எழுதிறார். டிவி போடக்கூடாது, போனிலை கதைக்கக்கூடாது, அம்மா சட்டியைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைப்பா. இந்த ரெண்டு ஞாயிறும்தான் நீங்கள் மேசையிலை இல்லை. மரத்திலை எனக்கு அப்பிடி என்ன ஆசை, அப்பா? இஞ்சை வந்தால் கதைக்கலாம். அதுதான் வாறனான்.”

(முந்தின ஞாயிறு மேசையில் இல்லாமல் அந்த வாரப் பத்தி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.)

“எனக்குச் சொல்லியிருக்கலாமே...” என்றேன்.

“என்னெண்டு? நீங்கள் எல்லாத்தையும் அவைக்குத்தானே சொல்லுறியள். பல்லு நோகுது எண்டாலும் அவைக்கு. அம்மா வைச்ச குழம்பு எண்டாலும் அவைக்கு. எனக்கு அவையிலை ஜலூஸ், பொறாமை.”

“ஆரிலை?”

“உங்கட வாசகர்களிலை.”

நான் கன்றைப் பிடித்தபடி நின்றேன். “நேராப் பிடியுங்கோ” என்றாள்.

கேட்டீர்களா? இவ்வளவு நாளும் நான் சிவாவை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். என் மகளோ உங்களை நினைத்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். நீங்கள் ஒருவரும் எங்கள் நாலாம் மாடிக்கு ஏறி வந்ததில்லை. குழி வெட்டியதில்லை, மழையில் நனைந்ததில்லை. ஆனாலும் வாரா வாரம் என்னிடம் இருந்த நல்ல கதைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போனது நீங்கள்தான். அவளுக்குக் கிடைத்தது ஒரு ‘ம்’. நான் குறைப்பட்டுக்கொண்ட ‘சா வா’, அந்த ‘ம்’முக்கு வந்த பதில் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அடுத்தவனிடம் இருப்பதைப் பார்த்துத்தான் பொறாமை வரும் என்று நினைத்திருந்தேன். நாம் கொடுக்க வேண்டியதை இன்னொருவன் கொடுத்துக்கொண்டிருக்கிறானே, அதைப் பார்க்கும்போது வருவது இன்னும் மோசமான பொறாமை. அதற்குப் பழைய சப்பாத்துக் கட்டியும் பிரயோசனமில்லை.

சிவா தடியோடு வந்தான். எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் தடியை அடித்தான், கயிற்றைத் தளர்வாகக் கட்டினான், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினான். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே ஒரு முழங்கை மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. சுற்றிவர அபி இலைகளைப் போட்டாள். நானும் இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

“அண்ணை, வடிவா நிக்குது” என்றான்.

அவன் மேல் பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முடி இன்னும் அவன் தலையில்தானே இருக்கிறது! ஆனால் புறப்படும்போது அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. குழி மூட உதவியதற்காக்கும் என்று நினைத்திருப்பான்.

பின்னேரம் அபிதான் சிவாவின் காரில் எங்களை லா சப்பலுக்குக் கொண்டுவந்து விட்டாள். பவானி பின்னால் ஏறிக்கொண்டாள். முன் சீட்டு எனக்கு. போர்த் து லா சப்பல் நெரிசலில், என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை நான் பலமுறை மிதித்தேன். “அப்பா, கால்!” என்றாள். காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் கவனத்துக்கு: இன்று திங்கட்கிழமை. பத்தி ஒரு நாள் பிந்தித்தான் வருகிறது. இனி எப்போதும் அப்படித்தான்.

காரில் அவள் வழி நெடுகக் கதைத்துக்கொண்டு வந்தாள். என்ன கதைத்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்?

உங்களுக்குச் சொல்லமாட்டேன்.